ஈயம் போன பில்டர்

அட்சய வருஷம், புரட்டாசி 10, ஞாயிறு. ரங்கூன், தாமுவே.

பில்டரில் டிகாஷன் இறங்கவே இல்லையென்று என் வீட்டுக்காரர் காலையில் முணுமுணுத்தார். அந்தக் கோபத்தில் மத்தியானம் புளியும் செங்கல்பொடியும் போட்டு, உப்புக்கறை போகும்வரை உள்ளே தேய்த்தேன். அடைந்திருந்த ஓட்டைகள் எல்லாம் திறந்துகொண்டன.

சாயங்காலம், "இன்னிக்குத்தான் காபி காபியா இருக்கு. இன்னொரு டம்ளர் குடு" என்றார். கொடுத்தேன்.

பிறகு கழுவும்போதுதான் பார்த்தேன். வெள்ளையாக இருந்த ஈயப்பூச்சு போய், உள்ளே பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. பித்தளைக் களிம்பு வயிற்றில் போனால் விஷம் என்பார்களே! ஈயம் பூசுகிறவர் லான்மடாவிலிருந்து வியாழக்கிழமைதான் வருவார். வீட்டுக்காரரிடம் சொன்னால் கத்துவார். சொல்லாமல் எப்படித் தூங்குவது?

இப்போது புரண்டு படுத்தார். "என்னங்க, வயித்த ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நாளைக்கும் அதே மாதிரி போடு."