முகம் தெரியும், அவ்வளவுதான்

ஸ்வான்சீ
12 ஜனவரி 1996

அன்புள்ள ஹெஸ்டர்,

உன் புத்தாண்டு அட்டை வந்தது. அதில் உங்கள் சட்ட நிறுவனத்தின் பெயர் பொன்னெழுத்தில் இருந்ததைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா காட்டிவிட்டார். வறுத்த மீனுக்காக வரிசையில் நிற்பவர்கள் பாவம், வேறு எங்கே போவார்கள்?

எனக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. சட்டம் படித்து முடித்து என்ன பயன்? இரண்டு வருடப் பயிற்சிக்கு யாராவது எடுத்துக்கொண்டால்தானே சாலிசிட்டர் ஆக முடியும்? மெல்லிய உறை என்றால் மறுப்பு என்று எங்கள் தபால்காரருக்கே தெரிந்துவிட்டது. நீட்டிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விடுகிறார்.

உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் மேலதிகாரி திரு. கார்ட்ரைட்டோடு நீதிமன்றம் போனேன், கப்பல் கம்பெனிக்காரர்களோடு மதியம் சாப்பிட்டேன் என்று நீ எழுதுவதைப் படித்தால் வயிறு எரிகிறது. கல்லூரியில் ஒரே அறையில் இருந்தோம். ஒரே புத்தகத்தைப் பாதிப் பாதி காசு போட்டு வாங்கிப் படித்தோம். மதிப்பெண்ணிலும் பெரிய வித்தியாசம் இல்லை. உன்னிடம் இருக்கிற எது என்னிடம் இல்லை? என் விண்ணப்பக் கடிதத்தின் நகலை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். தாட்சண்யம் பார்க்காமல் சொல்.

உன்,
டிலிஸ்


லண்டன்
20 ஜனவரி 1996

என் டிலிஸ்,

எரியட்டும் வயிறு. யாராவது என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டு எவ்வளவு நாளாயிற்று!

உன் கடிதம் நன்றாகத்தான் இருக்கிறது. எந்த நிறுவனத்துக்கு அனுப்பினாலும் பொருந்தும், அதுதான் குறை. 'புகழ்பெற்ற தங்கள் நிறுவனம்' என்று எழுதாத ஆளே கிடையாது. அவர்கள் யாருக்காக வேலை செய்கிறார்கள், போன வருடம் என்ன வழக்கு நடத்தினார்கள் என்று நூலகத்தில் உட்கார்ந்து தேடு. பத்துக் கடிதத்துக்கான நேரத்தை ஒரு கடிதத்துக்குக் கொடு. கடின உழைப்பாளி என்று சொல்லிக்கொள்ளாதே, என்ன செய்தாய் என்று எழுது. அனுப்புமுன் வேறு யாரிடமாவது படிக்கக் கொடு. எங்களுக்கு எழுதிய ஒருத்தன் எங்களுக்கு எதிரே இருக்கும் நிறுவனத்தின் பெயரைப் போட்டு அனுப்பினான், சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டால், அது வாசலிலேயே ஆரம்பமாகிவிடும் என்று நினைத்துக்கொள். வரவேற்பில் இருக்கும் மேவிஸிடம் அதட்டிப் பேசியவர்கள் யாரும் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்ததில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல், எங்கே பார்த்தால் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல். கடைசியில் 'ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். சம்பளத்தையும் விடுமுறையையும் கேட்டுத் தொலைக்காதே. முதல் வருடம் என்ன வேலை தருவீர்கள் என்று கேள்.

திரு. கார்ட்ரைட் கூப்பிடுகிறார். ஓடுகிறேன்.

அன்போடு,
ஹெஸ்டர்


ஸ்வான்சீ
9 மார்ச் 1996

அன்புள்ள ஹெஸ்டர்,

நீ சொன்னபடியே செய்தேன். பலித்துவிட்டது! வரும் இருபத்தொன்றாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கே என்று சொல்லும் முன்னால் கோபப்பட மாட்டேன் என்று சத்தியம் செய். உங்கள் நிறுவனத்தில்தான். யாரோ விலகிவிட்டார்களாம், இந்தச் செப்டம்பருக்கே ஓர் இடம் காலியாம். உன்னிடம் சொல்லாமல் விண்ணப்பித்தேன். சொல்லிவிட்டு, கிடைக்காமல் போனால் உன் முகத்தில் எப்படி விழிப்பது?

முந்தின ராத்திரி உன் அறையில் தரையில் படுத்துக்கொள்கிறேன். இடம் கிடைத்தால் ஒரே அலுவலகம், பழையபடி ஒரே பேச்சு. நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

உன்,
டிலிஸ்


லண்டன்
13 மார்ச் 1996

டிலிஸ்,

வாழ்த்துகள். கோபம் எதுவும் இல்லை. லண்டனில் இத்தனை நிறுவனங்கள் இருக்க, இதே வாசலுக்கு வர வேண்டுமா என்று மட்டும் தோன்றியது. பயிற்சி முடிந்தபின் எல்லோரையும் இங்கே வைத்துக்கொள்வதில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்காது.

இரண்டு விஷயம். அப்பாவின் கடையைப் பற்றி வாய் திறக்காதே. மீன், எண்ணெய், வாடகைத் தகராறு, இதெல்லாம் இங்கே எடுபடாது. கல்லூரி விவாத மன்றத்தைச் சொல், போதும். என் பெயரையும் இழுக்காதே, சிபாரிசு பிடிக்கிறாய் என்று நினைப்பார்கள்.

அன்று தங்கை வருகிறாள். அறையில் இடம் இருக்காது.

ஹெஸ்டர்


ஸ்வான்சீ
30 மார்ச் 1996

அன்புள்ள ஹெஸ்டர்,

இருபத்தொன்றாம் தேதி நடந்ததை நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

அதிகாலை ரயிலில் வந்தேன். மேவிஸ் டீ கொடுத்தார், கோட்டில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டார். திரு. கார்ட்ரைட் என் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, "மிஸ் ப்ராசர், நீங்களே முன்ன நின்னு முடிச்ச காரியம் ஏதாவது சொல்லுங்க" என்றார். விவாத மன்றம் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தால் கடை வந்துவிட்டது. கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் புகையைக் காரணம் காட்டி எங்களைக் காலி செய்யச் சொன்னதும், குத்தகைப் பத்திரத்தை நான் வரிவரியாகப் படித்ததும், புகைபோக்கியைப் பராமரிப்பது அவர் பொறுப்பு என்று அதிலேயே இருந்ததும், எல்லாம்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்புறம் அந்த ஆளு என்ன பண்ணார்?"

"புகைபோக்கியச் சரி பண்ணிக் குடுத்தார் சார். இப்ப வெள்ளிக்கிழமை தவறாம மீன் வாங்க வர்றார்."

சிரித்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "நம்ம மிஸ் ஹெஸ்டர் ப்ரேத்வெய்ட் உங்க காலேஜ்தான். உங்களப் பத்திக் கேட்டேன். முகம் தெரியும், அவ்வளவுதான்னாங்க."

மூன்று வருடம் ஒரே அறை, ஹெஸ்டர். உன் அம்மா இறந்த வாரம் உன்னை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான்.

"ஆமா சார். எனக்கும் முகம் தெரியும்" என்றேன்.

கடைசியில், நீ சொல்லிக்கொடுத்த கேள்வியையும் கேட்டேன். முதல் வருடம் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் நகல் எடுத்துப் பக்க எண் போடும் வேலைதான் என்றார். "மிஸ் ப்ரேத்வெய்ட்டக் கேளுங்க, சேர்ந்ததுலேருந்து அங்கதான் இருக்காங்க."

கப்பல் கம்பெனிக்காரர்கள் அங்கேதான் சாப்பிட வருகிறார்களா?

தடித்த உறை நேற்று வந்தது. இடம் கிடைத்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டிலிஸ்


லண்டன்
4 ஏப்ரல் 1996

டிலிஸ்,

கப்பல் கம்பெனிக்காரர்களை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன், மின்தூக்கியில். நீதிமன்றத்துக்குப் போனதும் ஒரே நாள்தான், காகிதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. நீ பொறாமைப்பட்டு எழுதும் கடிதங்கள்தான் எனக்கு இங்கே கிடைத்த ஒரே பதவி உயர்வு. அதனால் கொஞ்சம் கூட்டிக் கூட்டி எழுதிக்கொண்டே போனேன். நீ வந்தால் முதல் நாளே எல்லாம் தெரிந்துவிடும்.

இது பாதிதான். மீதி இதைவிட மோசம். கடையைப் பற்றிப் பேசாதே என்றது, பேசினால் எடுபடாது என்பதால் அல்ல. நீ அந்தக் கதையைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னால் உன்னை எடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தங்கையும் வரவில்லை.

நேற்றுக் காலை திரு. கார்ட்ரைட்டிடம் போய், நான் சொன்னது பொய், டிலிஸ் என் நெருங்கிய தோழி என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க சொன்னது பொய்னு அவங்களுக்கும் தெரியும்ல. அவங்க ஏன் உங்களக் காட்டிக்குடுக்கல?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப அவங்களையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். என்னை வைத்துக்கொள்வாரா, மாட்டாரா என்று எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உன்னைக் கேட்கிறேன். ஏன் டிலிஸ்?

ஹெஸ்டர்


ஸ்வான்சீ
27 ஆகஸ்ட் 1996

ஹெஸ்டர்,

நடுவில் நீ போட்ட மூன்று கடிதங்களும் வந்தன. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் வசவுதான் வந்தது. கிழித்துப் போட்டேன்.

நீ என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி இல்லை. முகம்தான் தெரியும் என்று நீ சொன்னதாக அவர் சொன்னதும், வலிப்பதற்கு முன்னால் எனக்குச் சந்தோஷம் வந்தது. ஹெஸ்டருக்கு என்மேல் பொறாமை! இத்தனை காலம் நான்தானே பட்டுக்கொண்டிருந்தேன்? அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். திரும்பும் ரயில் செவர்ன் ஆற்றடிச் சுரங்கத்துக்குள் நுழையும்வரை அது என்னோடு இருந்தது. பிறகு அழுதேன்.

நீ அவரிடம் போய்ச் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். "அதுக்குத் தைரியம் வேணும்" என்றார். எனக்கும் அது தெரிகிறது. தெரிந்தும் மனம் ஒரேயடியாக இளகவில்லை.

வாடகைக்கு வேறு இடத்தில் அறை பிடித்துவிட்டேன். ஒரே அறையில் இருப்பது இப்போதைக்கு நம் இருவருக்கும் நல்லதில்லை.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பாடிங்டன் ரயில் நிலையத்தில் இறங்குகிறேன். சட்டப் புத்தகங்களெல்லாம் ஒரே பெட்டியில், என்னால் நகர்த்தக்கூட முடியவில்லை. வந்தால் ஒரு பக்கம் பிடி. என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வராதே. பேசாமலும் தூக்கலாம்.

டிலிஸ்