ஆளில்லாத வயல்களின் படங்கள்

அன்பு மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் ஊரில் பெண்கள், இறந்தவர்களை அடக்கும் மையவாடிக்குப் போவதில்லை. ஆகவே உங்கள் கப்றடியில் நின்று சொல்ல வேண்டிய ஸலாத்தை எழுதித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. இதை நாலு பேர் வாசித்தாலும் பரவாயில்லை. நாம் இரண்டு பேரும் ஊருக்கு ஒளித்துக் கதைத்தது என்று எதுதான் இருந்தது?

கணவனுக்காக மனைவி இருக்கும் இத்தா போன கிழமை முடிந்தது. நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டாமல் இருந்தேன். நம்ப மாட்டீர்கள். வெள்ளிக்கிழமை சுபஹு தொழுதுவிட்டு வந்த உங்களைத் திரும்பப் படுக்க விடாமல், "பைக்க எடுங்க மச்சான், வெளிச்சம் போயிரும்" என்று விரட்டியவள் நான். ஹார்ட்வெயார் கடைக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அதையும் என் கமராவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

கமரா வாங்கிய அன்று உம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னா. "உசிருள்ளதச் சுவர்ல மாட்டிராத மகள். மலக்குமார் வராத வீடாப் போயிரும்." வானவர் வராத வீடு யாருக்கு வேண்டும்? நான் அதற்கும் ஒரு படி மேலே போனேன். மாட்டுவது என்ன, உயிருள்ள எதையும் எடுப்பதே இல்லை என்று வைத்துக்கொண்டேன். மனிதர் இல்லை, மாடு இல்லை, கொக்குக்கூட இல்லை. கல்முனைக்குடியில் புது வீடு குடிபோகிறவர்கள் என் படங்களைக் கேட்டு வாங்கி மாட்டினார்கள். ஆளில்லாத வயல், ஆளில்லாத கடற்கரை. இதுதான் என் பாணி என்று நானும் கொஞ்சம் பெரிதாகவே சொல்லித் திரிந்தேன்.

அந்தப் பாணிக்குப் பாடுபட்டது யார்? கிட்டங்கி வயலில் கொக்குகளை எழுப்பக் கை தட்டிக்கொண்டு வரப்பில் ஓடியவர் கல்முனையிலேயே நீங்கள் ஒருவர்தான். அறுகம்பேக் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரன் அலைச்சறுக்குப் பலகையை ஊன்றிக்கொண்டு என் படத்தின் நடுவில் நின்றான். நீங்கள் போய் உங்களுக்குத் தெரிந்த நாலு இங்கிலீசைக் கதைத்து, அவனைக் கையோடு ரொட்டிக் கடைக்கே கூட்டிப் போய்விட்டீர்கள். படம் நன்றாக வந்தது. வந்து பார்த்தால் இரண்டு பேரும் சம்பலோடு மூன்றாவது ரொட்டியில் இருந்தீர்கள்.

கடைசியில் உங்களையும் விரட்டுவேன். "மச்சான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்கட நிழல் விழுது."

"இன்னமும் தள்ளினா வாய்க்காலுக்குள்ளதான் நிக்கோணும்."

"நில்லுங்களன்."

"எனக்கும் உசிர் இரிக்கிறதுதான் பிழை போல," என்று சிரித்துக்கொண்டே இறங்குவீர்கள்.

அந்த உயிர் ஒரு திங்கட்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, கடையில் கதிரையில் இருந்தபடியே போய்விட்டது. நெஞ்சு நோகுது என்று சொன்னீர்களாம். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. நான் அங்கே இல்லை.

இத்தாவில் இருந்த நாட்களில் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து உங்களைத் தேடினேன். உங்கள் அடையாள அட்டைப் படம் இருக்கிறது. கலியாணப் படங்கள் இருக்கின்றன, அவற்றில் யாரோ போல விறைத்து நிற்கிறீர்கள். எனக்கு வேண்டியது வெள்ளிக்கிழமைக் காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நிற்கும் நீங்கள். இத்தனை வருடப் படங்களில் அப்படி ஒன்று இல்லை. நிழல் விழுந்தவற்றைக்கூட அன்றன்றைக்கே அழித்திருக்கிறேன். என் மேல் எனக்கு வந்த கோபத்தை உங்களிடம்தானே சொல்லலாம்? அதற்கும் நீங்கள் இல்லை.

சுத்தமான படம், சுத்தமான படம் என்று அலைந்தேனே, யாரிடமிருந்து எதைச் சுத்தம் செய்தேன்?

பிறகு ஒரு நாள் கிட்டங்கிப் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நன்றாக அமையவில்லை என்று யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த படம். விதைப்புக்கு முன் எடுத்தது, வரப்பெல்லாம் ஈரச் சேறு. முன்பக்கத்தில் செருப்புத் தடம் வரிசையாகப் போகிறது. வலது குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுத்தியிருக்கிறது. உங்கள் செருப்புகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் தேயும், நான் எத்தனை முறை ஏசியிருப்பேன். தடம் வாய்க்கால் வரைக்கும் போய் அங்கே இறங்குகிறது. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு எழும்பி முகம் கழுவிக்கொண்டு மற்றப் படங்களையும் அதே மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன்.

கரைவலை இழுத்தவர்கள் போன பிறகு மணலில் கிடக்கும் கயிற்றுத் தடம். மாடுகள் நடந்து நடந்து புல் முளைக்காமல் போன ஒற்றையடிப் பாதை. எல்லாம் என் படங்களிலேயே ஓரத்தில் கிடந்தன, நான்தான் அவற்றை வெட்டி எறிந்துகொண்டிருந்தேன். ஆள் இல்லாத நிலம் வேறு, ஆள் போன நிலம் வேறு மச்சான். நான் எடுக்க வேண்டியது இரண்டாவதை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இவ்வளவு காலமும் இவ்வளவு பெரிய விலையும் தேவைப்பட்டது.

இத்தா முடிந்த வெள்ளிக்கிழமை தங்கச்சியின் ஸ்கூட்டியில் கடற்கரைக்குப் போனேன். வானம் நன்றாகத்தான் சிவந்திருந்தது. நான் குனிந்து மணலையே எடுத்துக்கொண்டிருந்தேன். "என்ன ராத்தா, சூரியன் அங்கால இரிக்கி," என்றாள். நான் அடுத்த தடத்துக்கு நகர்ந்தேன். இரண்டு படம் தேறியது.

உங்கள் தடம் உள்ள படத்தை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தேன். நேற்று உம்மா அறைக்கு வந்தா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தா.

"இது ஆர்ர கால் மகள்?"

"உங்கட மருமகன்ட."

ஏசப்போறா என்று நினைத்து, "இதில உசிர் ஒண்டும் இல்ல உம்மா," என்று முந்திக்கொண்டேன்.

"ஓம், அது எனக்கும் தெரியிது." படத்தை மேசையில் வைத்தா. திரும்ப எடுத்தா. "வாப்பாட இப்படி ஒண்டும் இல்லையா புள்ள?"

மச்சான், வாப்பா மௌத்தானது நம் கலியாணத்துக்கும் முன்னால். ஆல்பங்களைச் சுனாமி கொண்டுபோனது. உம்மா ஒரு நாளும் ஒரு படம் கேட்டதில்லை. மார்க்கத்தில் நிற்கிற மனிசி, அவவுக்குப் படம் தேவைப்படாது என்று நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம். ஒருவராவது கேட்டிருக்கலாமே.

"வயல்ல, தண்ணி வடியிற வக்கடையில ஒரு கல் போட்டவரு," என்றா உம்மா. "அதில நிண்டுதான் கால் கழுவுற. நான் சோறு கொண்டு போனா அதிலதான் குந்துற." அவ்வளவுதான் சொன்னா. பிறகு மஃரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யப் போய்விட்டா.

அந்த வயலை இப்போது வேறு ஆள் செய்கிறார். கல் இருக்கிறதோ, வரப்பு வெட்டும்போது தூக்கிப் போட்டார்களோ தெரியாது. நாளை வெள்ளிக்கிழமை. உம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் போகிறேன். கல் இருந்தால் அதை எடுப்பேன். இல்லாவிட்டால் அது இருந்த இடத்தை எடுத்து உம்மாவின் கையில் கொடுப்பேன். இந்த வாக்கை உங்களுக்குத்தான் தருகிறேன், ஏனென்றால் அந்த வேலை எனக்கு இப்போது தெரியும்.

உங்கள் மாமி மகள், உங்கள் மனைவி,
நஸீஹா