தலை நீட்டிய ஸ்க்ரூக்கள்

உப்பளம், புதுச்சேரி
8-1-1983

அன்புள்ள மச்சான் சக்கரபாணிக்கு,

உன் தங்கை வசந்தாவும் பிள்ளைகளும் சுகம். பிரான்சில், துலோன் குளிரில் காதை மூடிக்கொண்டு நடக்கிறாயா?

நான்தான் சரியில்லை. மில்லில் தறிக்குள் மாட்டிய மோதிர விரல் ஆறிவிட்டதென்று டாக்டர் சொல்கிறார். நீ கொண்டுவந்து கொடுத்த எலெக்ட்ரிக் கித்தாரில் வைத்தால் உயிர் போகிறது. அடிபடும் முன் வெண்ணெயாக இருந்த கித்தார்! இப்போது தந்தியை அழுத்தவே முடியவில்லை. அழுத்தினாலும் சுருதி பிசகுகிறது.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்தில் எங்கள் மெல்லிசைக் குழுவின் கச்சேரி. குழுவை நடத்தும் கோவிந்தராசு, "முடியலன்னா இப்பவே சொல்லிடு, அரியாங்குப்பத்துல வேற ஆள் இருக்காரு" என்கிறார். விரல் போய்விட்டது மச்சான். கித்தாரை நீயே திருப்பி எடுத்துக்கொள். எழுதும்போதே அழுகை வருகிறது.

உன்
தெய்வசிகாமணி

துலோன்
20-1-1983

அன்பு மாப்பிள்ளை,

உன் கடிதம் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. விரல் கெட்டால் வலிக்கும், சரி. சுருதி ஏன் பிசகுகிறது?

தந்திகளின் அடியைத் தாங்கும் பிரிட்ஜில், தந்திக்கு இரண்டாகப் பொடி ஸ்க்ரூக்கள் இருக்கின்றன. அவற்றைத் தொட்டாயா? உண்மையைச் சொல். தறி ஃபிட்டர் நீ, தளர்ந்த ஸ்க்ரூவைக் கண்டால் கை அரிக்கும். என் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் மின்விசிறியை முடுக்கிக்கொண்டிருந்தவன்தானே!

அவற்றை இறுக்கினால் தந்தி மேலே ஏறும். அழுத்தக் கடினமாகும், அழுத்தினாலும் தந்தி இழுபட்டுச் சுருதி பிசகும். கித்தார்க் கழுத்தில் பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பிக்கும் தந்திக்கும் நடுவில் ஓர் ஐம்பது காசு நாணயம் நுழையலாம், அதற்குமேல் கூடாது. கூடுதலாக இருந்தால் கால் கால் சுற்றாக இடப்பக்கம் திருப்பி இறக்கு. 'ஜிர்'ரென்று இரைந்தால் துளி ஏற்று. ஒவ்வொரு தடவையும் சுருதி கூட்டிப் பார்.

அதற்குமுன் விரல் போச்சென்று சொன்னால் டிக்கெட் எடுத்து வந்து உதைப்பேன்.

சக்கரபாணி

உப்பளம்
2-3-1983

மச்சான்,

தொட்டேன். திட்டாதே.

கை ஆறிக் கித்தாரைத் திரும்ப எடுத்த அன்று, பன்னிரண்டு ஸ்க்ரூவும் தலை நீட்டிக்கொண்டிருந்தன. கழன்றுவிடுமே என்று எல்லாவற்றையும் தலை மறையும்வரை இறுக்கினேன். மில்லில் அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன்!

நீ சொன்னபடி காசு வைத்துப் பார்த்தேன். இரண்டை அடுக்கி வைத்தும் உள்ளே போயிற்று. கால் கால் சுற்றாக இறக்கினேன். ஸ்க்ரூக்கள் மறுபடி தலை நீட்டின, அவை அப்படித்தான் இருக்க வேண்டும்போல. ஆசையில் கூடுதலாக இறக்கிவிட்டேன், எல்லாம் இரைந்தது. மறுபடி கொஞ்சம் ஏற்றி, சுருதி கூட்டி, பயந்துகொண்டே மோதிர விரலை வைத்தேன். விரல் லேசாக முணுமுணுத்தது, அவ்வளவுதான்.

வசந்தா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "இன்னாத்துக்கு அழுவுற?" என்றாள். "வலிக்கல வசந்தா" என்றேன். அப்புறம் அவள் அழுதாள்.

மாசி மகத்தன்று முழுக் கச்சேரியும் நானே வாசித்தேன். "கை சரியாயிடுச்சா?" என்றார் கோவிந்தராசு. "கை நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றேன்.

ஸ்க்ரூ திருப்பும் சாவியை வசந்தா பிடுங்கி எங்கேயோ ஒளித்துவிட்டாள். நானும் தேடவில்லை. கித்தாரை எடுத்துக்கொள் என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

உன்
தெய்வசிகாமணி