கசந்தால்தான் மருந்தா?

ரோஸ்டாக் துறைமுகம்
9 பிப்ரவரி 1998

அன்புள்ள வோர்ஷா,

நலம் என்று எழுதலாம் என்றால் டாக்டரம்மாவின் முகம் குறுக்கே வருகிறது. என் ரத்தத்தில் கொழுப்பு ஏகத்துக்கும் ஏறிக்கிடக்கிறதாம். இதயம் எப்போது வேண்டுமானாலும் மக்கர் பண்ணலாமாம். மாத்திரை கொடுத்துவிட்டு, மீன் சாப்பிடச் சொன்னார். கிரேன் ஓட்டும் இடமெல்லாம் மீன் நாற்றம், எனக்கு அதைக் கண்டாலே குமட்டுகிறது என்றேன்.

"அப்ப ஆளிவிதை எண்ணெய் சாப்பிடுங்க. மீன்ல இருக்கிற மாதிரி ஒரு கொழுப்பு அந்தச் செடியிலயும் இருக்கு. நம்ம உடம்பால அதைச் செஞ்சுக்க முடியாது, சாப்பாட்டுலதான் வரணும்" என்றார்.

கொழுப்பைக் குறைக்கக் கொழுப்பா? ஒன்றும் புரியவில்லை. "என் பொண்டாட்டிக்கு அதுதாங்க தொழிலே" என்றேன். "அப்புறம் என்ன கவலை?" என்கிறார். ஐந்து வருடமாக நீ உன் எண்ணெய்ச் செக்கை விட்டு வரமாட்டேன் என்று ஊரிலும், நான் கிரேனை விடமாட்டேன் என்று இங்கேயும் இருக்கிற கதையை அவரிடம் எங்கே ஆரம்பிப்பது?

ஒரு புட்டி அனுப்புவாயா? கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கீட்டோ


போர்கோவி
16 பிப்ரவரி

அன்புள்ள கீட்டோ,

புட்டி அனுப்பியிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒன்று வரும். அவித்த உருளைக்கிழங்கு, கட்டித்தயிர், மேலே ஒரு கரண்டி எண்ணெய். நம் ஊர்ச் சாப்பாடு, உனக்குத் தெரியாததா? சூடாக்காதே. மாத்திரையை நிறுத்தினாய் என்று தெரிந்தால் அங்கே வந்து உதைப்பேன்.

செக்குக்கு வருகிறவர்கள் மூட்டுவலிக்கு, வழுக்கைக்கு, மாமியார் கோபத்துக்குக்கூட இது கேட்குமா என்கிறார்கள். இதயத்துக்கு நல்லது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். மந்திரம் என்று யாரும் சொல்லவில்லை.

போன இலையுதிர்காலத்தில் வில்லோ மரம் கூரைமேல் விழுந்தது. உனக்கு யார் சொல்லப்போகிறார்கள்? நானே ஏறி ஓடு மாற்றினேன்.

வோர்ஷா


ரோஸ்டாக்
20 ஏப்ரல்

அன்புள்ள வோர்ஷா,

உன் எண்ணெய்க்குக் கோயில் கட்டலாம். கொழுப்பு பாதியாக இறங்கிவிட்டது. டாக்டரம்மாவே பரிசோதனைச் சீட்டை இரண்டு தடவை பார்த்தார்.

ஒரே ஒரு குறை. நீ அனுப்புவது கசப்பே இல்லாமல், வறுத்த கொட்டை வாசனையோடு வருகிறது. வீரியம் ஏறாத எண்ணெய் என்று புரிந்துகொண்டேன். ஜன்னலில் வெயில் படும்படி வைத்து, நன்றாகக் கசந்தபிறகுதான் குடிக்கிறேன். எங்கள் அம்மா வீட்டில் அது எப்போதும் கசக்கும். கசக்காதது என்ன மருந்து?

கீட்டோ


போர்கோவி
27 ஏப்ரல்

அடே மக்குக் கீட்டோ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் செக்கை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். வெயிலில் வைத்தாயா? அந்த எண்ணெயில் எது நல்லதோ அதுதான் முதலில் கெடும். கசந்தால் செத்துவிட்டது என்று அர்த்தம். உன் அம்மா வாங்கியது விலை குறைவான பழைய எண்ணெய். அப்போது செக்கு நடத்திய என் அப்பா அதை ஜன்னல் சட்டத்துக்குப் பூசக் கொடுப்பார். நீங்கள் அதைக் குடித்து வளர்ந்திருக்கிறீர்கள்.

அப்படியானால் கொழுப்பைக் குறைத்தது எது? எனக்கும் தலை சுற்றுகிறது. வேறு என்னதான் செய்கிறாய், எழுது. என் எண்ணெய் இல்லாமலே குறைகிறதென்றால் நான் எதற்கு அனுப்ப வேண்டும்?

வோர்ஷா


ரோஸ்டாக்
11 மே

அன்புள்ள வோர்ஷா,

யோசித்துப் பார்த்தேன். பார்சல் இங்கே வீட்டுக்கு வராது. துறைமுகத்தின் மறுகோடித் தபால் ஆபீஸுக்கு நடந்துபோய் வாங்க வேண்டும். வரவில்லையென்றால் மறுநாளும் போவேன், அதற்கு அடுத்த நாளும். அந்தக் கசப்பை விழுங்கியபின் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி இறங்குவதில்லை. மாத்திரையும் போடுகிறேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எது குறைச்சதுன்னு எனக்கே தெரியலை. எதையும் விட்டுடாதீங்க. எண்ணெயை மட்டும் கெடாம சாப்பிடுங்க" என்று சிரிக்கிறார்.

என் குழப்பம் வேறு. உடம்பு தேறியதற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. ஐந்து வருடம் நீ ஒரு வரி எழுதவில்லை, நானும்தான். உடம்பு கெட்டது, புட்டியைச் சுற்றிக் கடிதம் வர ஆரம்பித்தது. தேறிவிட்டேன் என்றால் புட்டி நிற்கும், கடிதமும் நிற்கும். எனக்குப் பயமாக இருக்கிறது, வோர்ஷா. நீ எழுதுவது நோயாளிக்கா, எனக்கா?

அதனால் இனிமேல் எண்ணெய் அனுப்பாதே. இங்கே கடையில் வாங்கி, குளிர்பெட்டியில் வைத்துச் சாப்பிடுகிறேன். எண்ணெய் இல்லாமலும் எழுதுவாயா என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

கீட்டோ


போர்கோவி
15 ஜூன்

அன்புள்ள கீட்டோ,

ஒரு மாதமாக எழுத உட்கார்ந்து எழுந்துபோனேன். சூடாக்காதே, வெயிலில் வைக்காதே என்பதை விட்டால் உனக்கு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. கோபம்கூட வந்தது. நிம்மதியாக எண்ணெய் அனுப்பிக்கொண்டிருந்தவளை இப்படிக் கேள்வி கேட்டால்?

வயலில் ஆளிச்செடி பூத்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஆடு வேலி தாண்டி ஓர் ஓரத்தை மேய்ந்துவிட்டது. வீட்டோரக் கால்வாயில் தண்ணீர் ஏறி, நம் படகு தானாக அவிழ்ந்துபோய்ப் பாலத்தடியில் நின்றது. நேற்று தனியாகச் சாப்பிடும்போது உருளைக்கிழங்கு ஒன்று அதிகமாக அவித்திருந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

இந்தக் கடைசி வரிகளைத் தபால் ஆபீஸில் நின்றபடி எழுதுகிறேன். இங்கே இருக்கிற பெண், "இன்னைக்குப் பார்சல் இல்லையா? அந்தச் சீக்காளி எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

"சீக்கெல்லாம் ஒண்ணுமில்லை. என் வீட்டுக்காரருக்குச் சும்மா எழுதறேன்" என்றேன்.

வோர்ஷா