தொட்டியில் ஊற்றிய தீர்த்தம்

அன்புள்ள யேலா,

முட்டிவலி குறைந்ததா? நான் நலம். சொல்லச் சொல்ல எழுதுவது பக்கத்து அறை மீர்னா.

உன் மகன் மாத்தே வாங்கிய கல் அறுக்கும் இயந்திரத்தில் நீ மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பாதிரியார் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தத்தை ஊற்றப்போகிறாயாமே. வேண்டாம்.

பெர்லின் சுவர் விழுந்த குளிர்காலத்தில் எங்கள் பட்டறைக்கும் அப்படியொன்று வந்தது. கத்தி சுழலும் தண்டைத் தண்ணீர்தான் குளிர்விக்கும். முதலாளியம்மா வால்புர்கா தீர்த்தக் குடுவையோடு வந்தாள்.

"காய்ச்சி வடிச்ச தண்ணிதாம்மா ஊத்தணும்," என்றான் உன் தம்பி யூரே.

"போடா, சாமி தண்ணி உன் மெஷினைக் கடிச்சிருமா?"

எல்லோரும் சிரித்தோம், அவள் இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினாள்.

கோடையில் தண்டு சூடேறி இறுகியது. கத்தி உடைந்து யூரேயின் கழுத்தில் பாய்ந்தது. தண்டைப் பிரித்தால் உள்ளெல்லாம் அரிப்பு, குழாயெங்கும் துரு. மெக்கானிக் தொட்டித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு" என்றான். மந்திரிக்கும்போது பாதிரியார் உப்புப் போடுவாரே, அதுதான்.

மாத்தேயிடம் சொல். கம்பளிக் காலுறையும் கொஞ்சம் உலர்ந்த அத்திப்பழமும் அனுப்பு; கடிக்கப் பல்லில்லை, வாசனைக்காவது ஆகும். மீர்னாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

அன்று சிரித்தவர்களில் என்னைத் தவிர ஒருத்திதான் மிச்சம். உப்பைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை. இன்றும் அதே குடுவையோடு யூரேயின் கல்லறையில் தீர்த்தம் தெளிக்க வருகிறாள், வால்புர்கா.