சதுப்பில் எடுத்த படம்

ஒக்டோபர் 14, செவ்வாய்

நேற்று அந்தியில் தோட்டத்துச் சதுப்பில் எடுத்த படத்தை, 'சிறுத்தைக் குட்டி' என்று லயத்து வரிசை வீடுகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டது நான்தான். இன்று காலை வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில், அந்தப் பக்கம் கொழுந்து பறிக்கப் போகமாட்டோம் என்று எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

மாலையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வால் குட்டை, நெற்றியில் கோடுகள். மீன் தின்னும் காட்டுப்பூனைதான், கொடுப்புலி; ஆளை ஒன்றும் செய்யாது. குழுவில் திருத்திப் போட்டுவிட்டு, பக்கத்துக் காம்பரா லெட்சுமி அக்காவிடமும் சொன்னேன்.

"இப்ப வந்து சொல்றீங்களே தம்பி! மத்தியானமே ஆம்பளைங்க சதுப்பைச் சுத்திக் கம்பிச் சுருக்கு கட்டிட்டாங்களே."

பையிலிருந்து கேமராவை எடுத்துவிட்டு, கம்பி வெட்டும் குறடு வைத்திருக்கிறேன். மூடுபனியில் இப்போது சுருக்கு கண்ணுக்குத் தெரியாது. விடிந்ததும் போக வேண்டும்.

கொடுப்புலி இரவில்தான் மீனுக்கு வரும்.