குழாய் வேண்டாம் என்றவருக்கு

மார்ச் 4

வாலுவுக்கு அண்ணன் எழுதுவது,

நலம் என்று எழுதினால் நம்பமாட்டாய். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறேன். கல் அறுக்கும் பட்டறையை நான் விட்டுவிட்டேன். தூசிதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

நீ பொது மருத்துவம் முடித்தாய், நுரையீரல் படித்தாய், அதற்கு மேல் தீவிர சிகிச்சை என்று இன்னொன்று. "இவ படிச்சு முடிக்கறதுக்குள்ள நமக்கே வைத்தியம் பாக்கற வயசு வந்துடும்" என்பார் அப்பா. எனக்கு வந்துவிட்டது.

ஒன்று கேட்கிறேன். மூச்சு முட்டினால் தொண்டையில் குழாய் விட்டு என்னை மெஷினில் போடாதே. பக்கத்து வீட்டு டிரைவரை அப்படிப் பார்த்தேன். கண் மட்டும் அலைந்தது. உன் அண்ணியிடம் சொன்னால் அழுகிறாள். நீ அழாமல் படி.

அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

இதை எழுதிவிட்டு அழாதே என்கிறாயே, நியாயமா?

உன் ஸ்கேனைப் பார்த்தேன். நுரையீரலில் விழுந்த தழும்பு ஆறாது. அது முற்றி மூச்சு முட்டினால் குழாய் உதவாது. நானே போட விடமாட்டேன். ஆனால் நெஞ்சில் கிருமி பிடித்து முட்டினால், மருந்து வேலை செய்யும்வரை மெஷின் தாங்கிப் பிடிக்கும். அப்படித் தேறி என் வார்டிலிருந்து நடந்து வீட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வாய்ப்பை மட்டும் கொடு. தேறவில்லை என்றால் நிறுத்திவிடுவோம்.

உன் தங்கை

மார்ச் 17

வாலு,

சரி. ஒரு தடவை. ஆனால் தேறாதபோது "இன்னும் ஒரு நாள்" என்று இழுக்காதே. மற்ற நோயாளிகளின் வீட்டாரிடம் "போதும்" என்று உன்னால் சொல்ல முடிகிறது. என் விஷயத்தில் முடியுமா? எனக்குச் சந்தேகம்தான். கோபத்தில் போன் பண்ணாதே, பேசினால் இருமல் வருகிறது. எழுது.

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா,

பதில் எழுதுவதற்குள் நீயே ஆம்புலன்சில் வந்துவிட்டாய். கிருமிதான். தேறிவிடுவாய் என்று நம்பித்தான் குழாய் போடச் சம்மதித்தேன். சொந்தக்காரரை நான் பார்க்கக் கூடாது என்பதால், என்னிடம் பயின்ற டாக்டர் உன்னைப் பார்க்கிறார். மருந்து மயக்கத்தில் நீ தூங்குகிறாய். பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிருமி அடங்கிவிட்டது. நுரையீரல் மட்டும் தேறவில்லை. நேற்று என்னையும் அண்ணியையும் அந்தச் சின்ன அறையில் உட்கார வைத்து டாக்டர் கேட்டார்: "அவரால பேச முடிஞ்சா இப்ப என்ன சொல்வார்?" எத்தனையோ பேரிடம் நான் கேட்ட கேள்வி. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

"இன்னும் ஒரு நாள் பாக்கலாம்" என்றேன்.

உன் சந்தேகம் சரிதான், அண்ணா.

அந்த நாளும் போயிற்று. நீ கடிதத்தில் கேட்டதை இன்று காலை அண்ணியிடம் சொன்னேன். "நீயெல்லாம் ஒரு டாக்டரா!" என்று கையை உதறினார். வெகுநேரம் கழித்து, "என்கிட்டயும் சொன்னார்மா. நான்தான் காதுல வாங்கல" என்றார்.

திணறல் தெரியாமலிருக்க மருந்து கொடுப்பார்கள். பிறகுதான் குழாயை எடுப்பார்கள். அண்ணி உன் தலையை வாரிக்கொண்டிருக்கிறார். வெள்ளைக் கோட்டைக் கழற்றி நர்ஸிடம் கொடுத்துவிட்டேன். உன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பேனாவை வைக்கிறேன்.

வாலு